மூன்று நாள் தில்லி: எதைப் பார்ப்பது, எதை நம்புவது

பன்னிரண்டு வயது மகளோடும், முழங்கால் வலியுள்ள எழுபது வயதுத் தந்தையோடும் பிப்ரவரியில் சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்கள் தில்லியில் தங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பயண நிறுவனம் பதினொரு இடங்களையும் திங்கட்கிழமை ஒரே நாளில் காட்டிவிடுவதாகப் பட்டியல் அனுப்பியிருக்கிறது. மற்ற இரண்டு நாட்களைக் கடைவீதிக்கு ஒதுக்கியிருக்கிறது. இது போதுமா, எதை விடலாம் என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், முன்பு போய்வந்த உறவினர்கள் ஆளுக்கொரு கதை சொல்வதால் எதை நம்புவதென்று தெரியவில்லை என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஓர் இடத்தில் கண்ணால் காண்பதற்கு என்ன இருக்கிறது, காதில் மட்டும் விழுவது எது என்று தெரிந்துவிட்டால், எதை விடலாம் என்பது தானே விளங்கிவிடும்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தில்லியில் தமிழ்க் குழுக்களுக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறேன். தொல்லியல் ஆய்வாளன் அல்லன். பாரசீகக் கல்வெட்டுகளையும் அக்கால வரலாற்று ஏடுகளையும் மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்தவன். ஆகவே கீழே கல்வெட்டு என்ன சொல்கிறது, ஆய்வாளர்கள் என்ன கருதுகிறார்கள், வழிகாட்டிகள் என்ன சொல்கிறோம் ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுத முயல்கிறேன். மூன்றாவது வகையில் என் பங்கும் உண்டு.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், குடியரசுத் தலைவர் மாளிகை அருங்காட்சியகம் ஆகியவையும் அன்று மூடியிருக்கும். வாசலில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதையே 'பார்வையிடல்' என்று அந்தப் பட்டியல் குறிக்கிறது போலும். அதைவிடப் பெரிய குறை, பட்டியலின் வரிசையில் காலமும் இல்லை, திசையும் இல்லை என்பதுதான். தில்லி ஒரே நகரமாக வளர்ந்ததன்று. ஒவ்வோர் அரசும் பழைய நகரத்தை விட்டு விலகிப் புதிதாக ஒன்றைக் கட்டியது. அவற்றை ஏழு நகரங்கள் என்று எண்ணுவது வழக்கம், எண்ணுபவரைப் பொறுத்து அது கூடவும் செய்யும். பொதுவாகச் சொன்னால் தெற்கே மெஹ்ரௌலியில் மிகப் பழையது, வடக்கே ஷாஜகானின் நகரம், நடுவில் ஆங்கிலேயரின் புது தில்லி. அதனால் சனிக்கிழமை தெற்கு, ஞாயிற்றுக்கிழமை வடக்கு, திங்கட்கிழமை நடுப்பகுதி என்று பிரித்துக்கொண்டால் வரலாறும் வரிசையாக அமையும். குதுப் மினாருக்கும் செங்கோட்டைக்கும் இடையிலுள்ள பதினைந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெரிசலை ஒரே நாளில் கடக்கும் வேதனையும் மிச்சமாகும்.

சனிக்கிழமை காலையை முழுவதுமாகக் குதுப் வளாகத்துக்குக் கொடுங்கள். 72.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை ஒருவரே கட்டவில்லை. அடித்தளத்தை 1199 வாக்கில் தொடங்கியவர் குத்புதீன் ஐபக். மேலும் மூன்று அடுக்குகளை எழுப்பியவர் இல்துத்மிஷ். 1360களின் இறுதியில் இடி விழுந்து மேற்பகுதி சேதமானபோது அதைச் சீராக்கி, இருந்த ஓரடுக்கின் இடத்தில் இரண்டு அடுக்குகளைக் கட்டியவர் ஃபிரோஸ் ஷா துக்ளக். கீழ் மூன்று அடுக்குகள் சிவப்பு மணற்கல்லாகவும், அதற்கு மேல் வெண்பளிங்கு கலந்தும் இருப்பதால், கை மாறிய இடம் தரையிலிருந்தே தெரியும். அந்தப் பழுதுபார்ப்பின்போது வெட்டப்பட்ட நாகரிக் கல்வெட்டு ஒன்று, வேலை விசுவகர்மாவின் அருளால் முடிந்தது என்று சொல்கிறது. சுல்தானின் கோபுரத்தில் தச்சர்கள் தங்கள் தெய்வத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். கோபுரத்தினுள் 379 படிகள் உண்டு. 1981 டிசம்பரில் உள்ளே ஏற்பட்ட நெரிசலில் நாற்பத்தைந்து பேர் இறந்தபின் பொதுமக்கள் ஏற அனுமதியில்லை. 'தெரிந்தவர் மூலம் ஏற்றிவிடுகிறேன்' என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோபுரத்தை அடுத்துள்ள மசூதி இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது என்பது எவருடைய குற்றச்சாட்டும் அன்று. அதன் கிழக்கு வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே அப்படித்தான் சொல்கிறது. அங்குள்ள தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், முகம் சிதைக்கப்பட்ட சிறு உருவங்கள் ஆகியவற்றைக் காணலாம். ஒரே தூணில் மேலும் கீழும் வேலைப்பாடு பொருந்தாமல் இருக்கும். உயரம் போதாததால் இரண்டு தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அந்த இருபத்தேழும் எந்தெந்த ஊர்க் கோயில்கள் என்று எவராவது எண்ணிச் சொன்னால், அது கல்வெட்டில் இல்லாத செய்தி என்று கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். மசூதியின் முன் உயர்ந்து நிற்கும் பெரிய வளைவுகளின் கற்களை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அவை படுக்கைவசமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்று முன்னே நீண்டு, உச்சியில் ஒன்றையொன்று தொடும். நம் கோயில் கட்டும் கைகளுக்குப் பழகிய முறை அது. பிறகு சில அடிகள் தள்ளி, அலாவுதீன் கில்ஜி 1311இல் முடித்த அலாய் தர்வாசாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் விசிறிபோல் விரிந்து ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும். இரண்டுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். உண்மையான வளைவு என்னும் கலை தில்லிக் கொத்தர்களின் கைக்கு வந்து சேர்ந்த காலம் அது. இதைக் கண்டுபிடிக்கும் குழந்தைகளுக்கு அதன்பின் எந்தக் கட்டடத்தையும் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

அந்த 1311ஆம் ஆண்டு நமக்கு வேறொரு விதத்திலும் பழக்கமானது. அலாவுதீனின் படைத்தலைவர் மாலிக் கபூர் மதுரை வரை வந்தது அந்த ஆண்டுதான். ஆகவே அலாய் தர்வாசா 'மதுரைப் பொன்னால் எழுந்தது' என்று தமிழ்க் குழுக்களுக்கென்றே ஒரு கதை உண்டு. என் தொடக்க ஆண்டுகளில் நானும் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். தெற்கிலிருந்து யானைகளும் குதிரைகளும் பொன்னும் தில்லிக்குப் போனதை அக்கால அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதியிருக்கிறார். ஆனால் கபூர் தில்லி திரும்பியது 1311 அக்டோபரில். வாயில் முடிந்ததும் அதே ஆண்டு. அந்தப் பணம் இந்தக் கல்லுக்குப் போனது என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை என்பது உறைத்தபின் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

இரும்புத் தூணுக்கு வருவோம். ஏழு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடை. சந்திரன் என்னும் அரசன் இதை விஷ்ணுவின் கொடிமரமாக விஷ்ணுபதம் என்ற குன்றில் நாட்டினான் என்று அதன் சமஸ்கிருதக் கல்வெட்டு கூறுகிறது. இந்தச் சந்திரன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்தக் குன்று மத்தியப் பிரதேசத்து உதயகிரி என்பது வலுவான கருத்து, முடிந்த தீர்ப்பு அன்று. தில்லிக்கு அதைக் கொண்டுவந்தவர் தோமர அரசன் அனங்கபாலனா இல்துத்மிஷா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. துருப் பிடிக்காததற்குக் காரணம் மர்மம் அன்று. அந்தக் கால உருக்கு முறையில் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிடும். அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து காற்றின் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. இதை விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலசுப்ரமணியம். மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு ஏறியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'துருவே அறியாத இரும்பு' என்பது முழு உண்மை அன்று. கைகளைப் பின்னால் வளைத்துத் தூணைக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் தேய்த்ததால், 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

தந்தையாருக்கு இந்த வளாகம் பெரும்பாலும் சமதளம். மாலைக்கு உமாயூன் கல்லறையை வைத்துக்கொள்ளுங்கள்; மேற்கு வெயிலில் அதன் சிவப்புக் கல் பழுக்கக் காய்ச்சியதுபோல் ஒளிரும். ஆனால் கல்லறை நிற்கும் மேடைக்கு ஏறும் படிகள் குறுகலானவை, ஒவ்வொன்றும் முழங்காலைச் சோதிக்கும் உயரம். தந்தையார் தோட்டத்து நீர்க்கால்களின் ஓரம் அமர்ந்து பார்ப்பதே நல்லது. உண்மையில் கட்டடத்தின் முழு அளவும் அங்கிருந்துதான் தெரியும். அக்கால வரலாற்று ஏடுகள் சொல்வதன்படி, முகலாய அரசர் உமாயூன் 1556 ஜனவரியில் பழைய கோட்டையிலிருந்த தம் நூலகப் படிகளில் தவறி விழுந்து இறந்தார். கட்டடக் கலைஞர் மீரக் மிர்சா கியாஸ் என்பதும், 1570களின் தொடக்கத்தில் பணி முடிந்தது என்பதும் உறுதி. மூத்த மனைவி ஹாஜி பேகம் கட்டியது என்பது நெடுங்கால வழக்கு; பணத்திலும் திட்டத்திலும் அக்பரின் பங்கு பெரிது என்று வாதிடுவோர் உண்டு, அந்த வாதத்திலும் வலு இருக்கிறது. 'இந்தியாவின் முதல் இரட்டைக் குவிமாடம்', அதாவது உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு கூடுகள் கொண்ட குவிமாடம், என்று சொல்வார்கள். லோதி தோட்டத்தில் உள்ள சிக்கந்தர் லோதியின் கல்லறை அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது, அதற்கும் இரட்டைக் குவிமாடமே. 1857 செப்டம்பரில் கடைசி முகலாயர் பகதூர் ஷா சஃபர் பதுங்கியிருந்து பிடிபட்டதும் இந்த வளாகத்தில்தான். வம்சத்தின் இரண்டாம் அரசர் புதைக்கப்பட்ட இடத்தில் கடைசி அரசர் சரணடைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோட்டை. இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஷாஜகான் 1648இல் குடிபுகுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். 1739இல் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனார். 1857க்குப் பிறகு ஆங்கிலப் படை உள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் பாசறைகளைக் கட்டியது. தனித்தனித் தீவுகளாக இன்று நிற்கும் மண்டபங்கள் ஒரு காலத்தில் முற்றங்களாலும் மதில்களாலும் இணைந்திருந்தன என்று மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் அந்த வெட்டவெளி புரியும். ரங் மகாலின் நடுவே தாமரை வடிவப் பளிங்குத் தொட்டியையும், மண்டபங்களை ஊடுருவிச் செல்லும் நீர்க்காலையும், தராசு செதுக்கிய பளிங்குத் திரையையும் விட்டுவிடாதீர்கள். அரசர் முக்கியமானவர்களைச் சந்தித்த மண்டபமான திவானி காஸில் 'பூமியில் சொர்க்கம் உண்டென்றால் அது இதுவே' என்னும் பொருள்பட ஒரு பாரசீக ஈரடி பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அமீர் குஸ்ரோவுடையது என்று எல்லோரும் சொல்வோம். அவர் நூல்களில் அதைத் தேடியவர்களுக்கு அது உறுதியாகக் கிடைக்கவில்லை. அவர் இறந்தது 1325இல், கோட்டை எழுந்ததற்கு மூன்று நூற்றாண்டு முன்பு என்பதையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருவோர் அவசரத்தில் தவறவிடுவது கோட்டைக்குள் இருக்கும் நேதாஜி அருங்காட்சியகத்தை. இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீது 1945 நவம்பரில் விசாரணை தொடங்கியது இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் வளர்ந்து, அங்கேயே மருத்துவம் படித்தவர்.

ஜாமா மசூதி எதிரிலேயே இருக்கிறது. தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை, எந்த வாயிலிலும் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். தந்தையார் வர வேண்டாம். சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும்; தெருவின் அகலத்தைப் பார்க்க அதுவே நல்ல நாள்.

பிற்பகலில், உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைச் சேர்க்கச் சொல்வேன்: ஃபிரோஸ் ஷா கோட்லா. தில்லி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து சிறிது தூரம்தான். அடுக்கடுக்காகச் சிதைந்த கட்டடத்தின் உச்சியில், ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல் தூண் நிற்கிறது. அசோகர் நிறுத்திய அந்தத் தூணை, இன்றைய அரியானாவில் உள்ள தோப்ராவிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா பெயர்த்து வந்தார். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை அஃபீஃப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடிமண்ணைத் தோண்ட, தூண் மெத்தையில் சாய்ந்ததுபோல் படுத்தது. அதை நாணலாலும் பதனிடாத தோலாலும் சுற்றிக் கட்டி, நாற்பத்திரண்டு சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம் கட்டி, ஒவ்வொரு வடத்தையும் இருநூறு பேர் இழுத்து யமுனைக்குக் கொண்டுபோய்ப் படகுகளில் ஏற்றினார்களாம். தேர் இழுத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்த வருணனை உடனே கண்முன் வரும். எண்ணிக்கையில் அவையோருக்கான மிகை கலந்திருக்கலாம். ஆனால் முறை நம்பத்தக்கது.

தூணில் பொறித்திருந்த பிராமி எழுத்தை அன்று தில்லியில் எவராலும் படிக்க முடியவில்லை. 1837இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்தபோது அவருக்கு உதவிய மூலங்களுள் இந்தத் தூணும் ஒன்று. அதில் பேசும் 'பியதசி' அசோகரே என்று இனங்காண, இலங்கையின் பாலி நூல்களை ஆராய்ந்து வந்த டர்னரின் குறிப்பு உதவியது. இங்கும் ஒரு தவற்றைத் திருத்த வேண்டும். 'இந்தத் தூணில் சோழர், பாண்டியர் பெயர் இருக்கிறது' என்று சிலர் தமிழ்க் குழுக்களிடம் சொல்கிறார்கள். நம் அரசர்களை அசோகர் குறிப்பிடுவது கிர்னார் போன்ற இடங்களில் உள்ள பெரும்பாறைக் கல்வெட்டுகளில். இந்தத் தூணில் அன்று. ஆனாலும் மகளுக்குக் காட்ட ஒன்று உண்டு. கூட்டல் குறி போன்ற எழுத்து 'க'. மாங்குளம் குகையின் தமிழ்ப் பிராமியிலும் 'க' அதே வடிவம்தான். தூண் உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது.

திங்கட்கிழமைக்கு மிஞ்சுவது எளிது. அன்று அவசரமே வேண்டாம். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றும் அறிவிப்பு 1911 டிசம்பர் 12இல் வந்தது; புது தில்லியின் தொடக்க விழா 1931இல் நடந்தது. இந்தியா கேட் விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கானது என்று பல ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது தவறு. முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் ஆங்கிலப் பேரரசுக்காக இறந்த படைவீரர்களின் நினைவாகக் கட்டடக் கலைஞர் லுட்யென்ஸ் வடிவமைத்தது அது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. அங்கு எரிந்த அமர் ஜவான் சுடரை 2022 ஜனவரியில் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு இணைத்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர்களின் பெயர்களை அங்கே தேடலாம். பழைய நாடாளுமன்றத்தின் வட்ட வடிவம் மத்தியப் பிரதேசத்து மிதாவலி யோகினி கோயிலைப் பார்த்து வரைந்தது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் தவறாமல் வரும். இரண்டும் வட்டம் என்பது உண்மை. அதை வடிவமைத்த பேக்கரோ லுட்யென்ஸோ அந்தக் கோயிலைப் பார்த்து வரைந்தார்கள் என்பதற்கு எவரும் ஆவணம் காட்டியதில்லை. 1724இல் அரசர் ஜெய்சிங் கட்டிய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தருக்கு நல்ல வெயில் இருக்கும்போது போங்கள். நிழல் விழாவிட்டால் அந்தக் கருவிகள் வெறும் படிக்கட்டுகள். தந்தையாருக்குப் பிற்பகலில் லோதி தோட்டம் பொருந்தும், நுழைவுக் கட்டணமும் இல்லை.

பட்டியலிலிருந்து அக்ஷர்தாமையும் தாமரைக் கோயிலையும் எடுத்துவிடலாம். இரண்டும் அழகானவையே, ஆனால் முறையே 2005இலும் 1986இலும் திறக்கப்பட்டவை. வரலாற்றுச் சின்னம் தேடி வரும் மூன்று நாளில் அவற்றுக்கு இடமில்லை. அக்ரசேன் பாவோலி என்னும் படிக்கிணற்றையும் விடலாம். நேரம் இருந்தால் பாருங்கள், ஆனால் மகாபாரதக் காலத்து அக்ரசேனர் கட்டியது என்பது வழக்காறு மட்டுமே, இன்றைய கட்டடத்தின் பாணி சுல்தான் காலத்தது.

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துக்கொண்டால் வரிசையும் குறையும், சிறு தள்ளுபடியும் உண்டு. பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணமில்லை. உங்களுடன் இலங்கையிலிருந்து வரும் உறவினர் எவராவது சேர்வதானால், சார்க் நாட்டவருக்கு இந்தியருக்கான கட்டணமே என்பதை நினைவில் வைத்து, கடவுச்சீட்டைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையேல் பல மடங்கு கேட்பார்கள். பயண நிறுவனத்திடம் நாள் வரிசையை மாற்றச் சொல்லும்போது, இடையில் எந்தக் கைவினைக் கடையிலும் வண்டி நிற்கக்கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'அரசு எம்போரியம், ஐந்தே நிமிடம்' என்று ஆரம்பிக்கும் அந்த நிறுத்தத்தில், என் குழுக்கள் உமாயூன் கல்லறையின் மாலை வெளிச்சத்தை எத்தனையோ முறை இழந்திருக்கின்றன.